தொலைந்த படங்களின் ஆசிரியன்

'காசாபிளாங்கா'வை (1942) எடுத்த மைக்கேல் கர்ட்டிஸுக்குத் தனக்கென்று ஒரு பாணி கிடையாது, கம்பெனி கொடுத்த கதையைக் கச்சிதமாக முடித்துக்கொடுத்த ஆள் – திரைப்பட விமர்சனத்தில் ரொம்ப நாளாகப் புழங்கிவரும் தீர்ப்பு இது. இயக்குநரைப் படைப்பாசிரியனாகப் பார்க்கும் கோட்பாட்டை அமெரிக்காவில் பரப்பிய ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல் போட்ட தரவரிசையிலும் இவருக்கு மேல்வரிசையில் இடமில்லை. சரி, எந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட தீர்ப்பு இது?

1886இல் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தபோது இவர் பெயர் மனோ கமினெர். நாடகத்துக்குப் போனபின் மிஹாய் கெர்த்தேஸ். 1912இல் படம் எடுக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் டென்மார்க் போய் நோர்டிஸ்க் கம்பெனியில் தொழில் பழகினார். 1919க்குள் ஹங்கேரியில் சுமார் 40 மௌனப் படங்கள். இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவற்றில் ஒன்று 'தொலொன்ட்ஸ்'. இன்று ருமேனியாவில் இருக்கும் கொலோஷ்வார் நகரில், நாடக அரங்கு நடத்திவந்த யெனோ யானோவிச்சோடு சேர்ந்து 1914இல் எடுத்தது. போலீஸ் காவலோடு சொந்த ஊருக்குத் துரத்தி அனுப்பப்படுகிறவரைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. பெத்தி என்கிற வேலைக்காரப் பெண் மேல் திருட்டுப்பழி விழுகிறது, ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வரும் அவள் அம்மா மகளைத் தேடி அலைகிறாள். அம்மாவாக நடித்தவர் அக்கால நாடகமேடையின் பெரிய நடிகை மாரி யாசாய்.

1919இல் ஹங்கேரியில் சோவியத் குடியரசு வந்தது, சினிமாவை அரசுடைமையாக்கியது. கெர்த்தேஸ் அதற்காகவும் ஒரு பிரச்சாரப்படம் எடுத்தார்: யுத்தக் கைதி கம்யூனிஸ்டாக வீடு திரும்புகிற கதை. குடியரசு நீடித்தது 133 நாள்தான். அதே வருஷம் அவர் நாட்டைவிட்டுப் போனார். வியன்னாவில் சாஷா கம்பெனிக்காக 'சோதோமும் கொமோராவும்' (1922), இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறும் 'அடிமை ராணி' (1924) என்று பிரம்மாண்டப் படங்கள். இரண்டாவதைப் பார்த்துத்தான் வார்னர் கம்பெனி 1926இல் ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டது. அங்கே பெயர் மறுபடி மாறியது. பாதி பேசும்படமான 'நோவாவின் பேழை' (1928) அங்கே எடுத்தது.

துரத்தப்பட்ட வேலைக்காரி, திரும்பிவரும் கைதி, வெளியேறும் அடிமைகள், விசாவுக்குக் காத்துக்கிடக்கும் காசாபிளாங்கா அகதிகள். இதுதான் கர்ட்டிஸின் 'பாணி' என்று நிறுவ நான் வரவில்லை. அப்படிச் செய்தால் மிஞ்சிய நாலைந்து பிரதிகளை வைத்து நானும் ஒரு ஆசிரியனைக் கட்டமைத்தவனாவேன். கதைகளைப் பெரும்பாலும் கம்பெனியோ அரசோதான் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் 'பாணி இல்லை' என்ற தீர்ப்புக்கும் இதே சங்கடம் உண்டு இல்லையா? ஒருவரின் முதல் ஏழு வருஷத்து வேலையில் பெரும்பகுதி கண்ணிலேயே படாதபோது 'இல்லை' என்று எப்படிச் சொல்வது?

'தொலொன்ட்ஸ்' படச்சுருள் அகப்பட்டது 2008இல், நியூயார்க்கில் ஹங்கேரியர் சங்கக் கட்டடம் ஒன்றின் நிலவறையில். சாரிஸின் தரவரிசைக்கு அப்போது நாற்பது வயசு.