நண்பனிடம் தொழில் கற்றால் கூலி எவ்வளவு?

 

நைனார்பாளையம், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என நம் வட்டாரத்தில் எந்த ஊராக இருந்தாலும், கார் ஓட்டக் கற்க நினைக்கும் இளைஞர் முதலில் தேடிப் போவது வண்டி ஓட்டத் தெரிந்த நண்பனைத்தான். "பத்து நாள் வந்து சொல்லிக்கொடு மாப்ள" என்பார். "எவ்வளவு வேணும்?" என்று கேட்க இவருக்கும் கூச்சம், சொல்ல அவருக்கும் கூச்சம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

சொல்லிக்கொடுப்பவர் ஆக்டிங் டிரைவராக இருந்தால், அந்தப் பத்து நாளில் வந்த சவாரிகளை விட்டிருப்பார். கற்றவரோ ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பார். பிறகு போனை எடுப்பது குறையும். ஒரே ஸஃப்பில் நின்று தொழுதாலும் முகம் பார்த்து ஸலாம் சொல்ல மாட்டார்கள். இது வெறும் மனஸ்தாபம் அல்ல. அடியானின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். எனவே இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். (குர்ஆன் கற்பிப்பதற்கு ஊதியம் பெறுவது தனிச் சட்டம். நாம் பேசுவது உலகத் தொழில், விளையாட்டு, கைவேலை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே.)

கற்றுக்கொடுப்பதற்கு விலை உண்டா?

"வாயால் சொல்லிக்கொடுப்பதற்குப் போய்க் காசா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் சிலரிடம் மீட்புத்தொகை கொடுக்கப் பணம் இல்லை. அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களது மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்னத் அஹ்மத்). ஒரு மனிதரின் விடுதலைக்கு ஈடாகும் அளவுக்குக் கற்பித்தல் மதிப்புள்ளது என்றால், அதை இலவசச் சரக்காக எண்ண நமக்கு உரிமை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் அபூ தைபா என்பவரிடம் ஹிஜாமா செய்துகொண்டார்கள். அதற்காக அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னதுடன், அவர்மீது விதிக்கப்பட்டிருந்த வரியைக் குறைக்கும்படி அவருடைய எஜமானர்களிடமும் பேசினார்கள் (புகாரி). தெரிந்தவர்தானே என்று அவருடைய உழைப்பை அவர்கள் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை.

மத்யன் காட்டும் இரு வழிகள்

அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வருகின்றன. மத்யன் நகரில் இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் புகட்டினார்கள். கூலி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பெண்களின் தந்தை ஆளனுப்பி, செய்த வேலைக்குக் கூலி தருவதற்காக அவர்களை அழைத்தார் (28:25). உதவியவர் கேட்காமலேயே, உதவி பெற்றவர் கொடுக்க முன்வந்தார்.

அடுத்து அதே பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுகிறார். எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நாடவில்லை என்ற கருத்தில் பேசி முடிக்கிறார் (28:27). முதலாவது அன்பளிப்பு, இரண்டாவது ஒப்பந்தம். நண்பர் கற்றுத்தருவதும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்க முடியும். எது என்பதை முதல் நாளே இருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பேசாமல் விட்டிருந்தால்?

ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான அளவுகோல் தருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதால் மற்றவர் வேலை செய்கிறார், கூலி பேசவில்லை என்றால், வேலை செய்தவர் கூலிக்கு உழைப்பவரா என்று பார்க்க வேண்டும். ஆம் எனில், அந்த வேலைக்கு வழக்கத்தில் உள்ள கூலி (அஜ்ருல் மிஸ்ல்) அவருக்கு உண்டு. இல்லை எனில், கூலி கிடையாது.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூல் தையல்காரரை உதாரணமாகக் காட்டுகிறது. கூலி பேசாமல் துணியைக் கொடுத்து, அவர் தைத்துவிட்டால் அவருக்குக் கூலி இல்லை என்பதே அதில் முதலில் வரும் சட்டம். அந்த வேலைக்கென்றே அறியப்பட்டவர் என்றால் கூலி உண்டு என்ற கருத்தும் அங்கே இடம்பெறுகிறது. ஆக, வாய் திறக்காமல் இருந்தால் உழைத்தவரின் உரிமையே கேள்விக்குறியாகிறது. கூச்சத்துக்கு இவ்வளவு பெரிய விலை தேவையா?

அப்படியானால் எவ்வளவு?

முதலில் செலவு. பெட்ரோல் முழுவதும் கற்பவருடையது. நண்பர் இலவசமாகக் கற்றுத்தந்தாலும் இதில் மாற்றமில்லை.

இரண்டாவது வருமான இழப்பு. ஒரு நாள் சவாரிக்குப் போனால் அவருக்கு என்ன சம்பளம், என்ன பேட்டா கிடைக்கும் என்று கேளுங்கள். அரை நாளை உங்களுக்காக விட்டால், குறைந்தது அதில் பாதியாவது அவர் கைக்கு வர வேண்டும். வேலை முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் வருபவருக்கு இந்த இழப்பு இல்லை.

மூன்றாவது உழைப்பு. தையலோ, ஏ.சி. மெக்கானிக் வேலையோ எதுவானாலும் வெளியில் இரண்டு இடங்களில் கட்டணம் விசாரித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து குறைப்பது நண்பரின் உரிமை. "நமக்குள் என்ன?" என்று சொல்லி நாமே குறைப்பது முறையல்ல. மனம் ஒப்பிக் கொடுக்காத பொருள் ஹலாலாகாது என்பது நபிமொழியின் கருத்து (அஹ்மத்). வெட்கப்பட வைத்து வாங்கிய உழைப்பும் இதைப் போன்றதே.

நான்காவது சேதம். வண்டி நண்பருடையது, அதில் கீறல் விழுகிறது என்றால் யார் பொறுப்பு? இரவல் பொருள் சேதமானால், வழக்கமான பயன்பாட்டால் வரும் தேய்மானம் தவிர மற்றதற்கு இரவல் வாங்கியவரே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹப். கவனக்குறைவோ வரம்பு மீறலோ இருந்தால்தான் பொறுப்பு என்பது ஹனஃபி மத்ஹப். கற்பவர் கையில் கியரும் கிளட்சும் படாத பாடு படும் என்பதால் இதையும் முன்பே பேசிவிடுவது நல்லது.

பணம் வாங்க முடியாத நண்பர்

சில இடங்களில் பணம் கொடுப்பதே நண்பருக்குச் சிக்கலாகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடப்படும் கோல்ஃப் விளையாட்டில், அமெச்சூர் வீரர் ஒருவர் கற்றுக்கொடுப்பதற்குப் பணம் பெற்றால், சில விதிவிலக்குகள் தவிர, அமெச்சூர் தகுதியை இழப்பார். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதியிலும் இது உண்டு. நாம் நூறு ரூபாய் கொடுத்து அவருடைய போட்டி வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது.

வாகனத்திலும் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கி ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்த உரிமம் வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். நண்பர் ஊரில் பலருக்கும் காசுக்குக் கற்றுத்தருகிறார் என்றால் அவர் உரிமம் பெறுவதே முறை. கற்பவரிடம் எல்.எல்.ஆர். இருக்க வேண்டும்; வண்டியில் எல் பலகை இருக்க வேண்டும்; உரிமம் உள்ளவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். மார்க்கத்துக்கு முரணில்லாத நாட்டுச் சட்டத்தைப் பேணுவது நம் கடமை.

"எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நண்பர் உறுதியாகச் சொன்னால்? நன்மை செய்தவருக்குக் கைம்மாறு செய்யுமாறும், இயலாவிட்டால் கைம்மாறு செய்துவிட்டோம் என்று மனம் நிறையும் வரை துஆச் செய்யுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (அபூதாவூத்). அவர் வண்டிக்கு டயர் தேவையா, அவர் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் தேவையா என்று பார்த்துச் செய்யுங்கள்.

கற்றுத்தந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. இலவசம் என்று சொல்லிவிட்டால், "இவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்" என்று டீக்கடையில் பேசக் கூடாது. சொல்லிக்காட்டுவது கொடுத்த தர்மத்தையே பாழாக்கும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264).

ஆகவே சகோதரர்களே! அடுத்த முறை நண்பனிடம் ஒன்றைக் கற்கப் போகும்போது "பார்த்துக்கலாம்" என்பதை விட்டுவிட்டு, "எவ்வளவு தரட்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நட்பும் நிலைக்கும், மறுமைக் கணக்கும் இலேசாகும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் பிறர் உரிமையைப் பேணி வாழும் நல்லடியார்களாக ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.