ஜிக்சா புதிர் வாங்குமுன் வெட்டைப் பாருங்கள்

ஜிக்சா புதிர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேலிருக்கும் படத்தைத்தான். பனிமலை, பழைய கோட்டை, பூனைக்குட்டி என்று கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து வந்துவிடுகிறார்கள். நெடுநாளாகச் சேகரிப்பவர்களோ ஒரு துண்டைக் கையில் எடுத்து வெட்டைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்வதுதான் சரி. படம் ஒரு வாரத்தில் பழகிவிடும். வெட்டு நன்றாக அமைந்த புதிரை எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்து அடுக்கலாம்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே வெட்டின் வரலாறுதான். 1760-களில் லண்டனில் வரைபடம் செதுக்கி விற்றுவந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, ஒரு வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் மீதே ரம்பத்தை ஓட்டினார். பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தரும் கருவி அது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளும் இப்படிப்பட்ட பலகைத் துண்டுகளை வைத்துப் படித்தவர்கள்தான். அவற்றில் பெரும்பாலான துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது; கை பட்டாலே கலைந்துவிடும்.

1909-ல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மற்ற விளையாட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டு, தொழிற்சாலை முழுவதையும் மரப் புதிர்களுக்கே ஒதுக்கியது. பறவை, விலங்கு வடிவத்தில்கூடத் துண்டுகளை அறுத்துச் சேர்த்தார்கள். இன்றும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தத் துண்டுகளுக்காகவே தேடி அலைகிறார்கள். 1932-33-ல், பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கக் குடும்பங்கள் தவித்த நேரத்தில், அட்டைப் புதிர் வாரம் ஒன்றாகப் பத்திரிகைக் கடைகளுக்கு வந்தது. விலை 25 சென்ட். அதையும் கொடுக்க முடியாதவர்கள் நூலகத்தில் இரவல் வாங்கினார்கள்.

அட்டைக்கு ரம்பம் கிடையாது, டைதான். மெல்லிய எஃகுப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பலகையில் பதித்து, படம் ஒட்டிய அட்டையின் மேல் பெரும் அழுத்தத்தில் இறக்குவார்கள். ஒரே இறக்கில் ஆயிரம் துண்டும் வெட்டுப்படும். பட்டை கூராக இருந்தால் துண்டின் ஓரம் வழவழப்பாக இருக்கும். மழுங்கியிருந்தால் ஓரத்தில் நார் பிரியும், பெட்டிக்குள் அட்டைத் தூள் கொட்டிக் கிடக்கும், படத்தாள் உரியும். டை செய்வது செலவு பிடிக்கும் வேலை என்பதால் ஒரே டையைப் பல படங்களுக்குப் பயன்படுத்துவதும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் டிம் கிளைன் இதைத் தன் கலையாக்கிக்கொண்டார். ஒரே டையில் வெட்டிய இரண்டு புதிர்களின் துண்டுகளைக் கலந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது படத்தை உருவாக்குகிறார்.

அடுத்த கேள்வி, வாங்கிய புதிரின் துண்டுகளை எங்கே பரப்பி வைப்பது? இதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. 2023-ல் ஆய்வாளர்கள் மேடலின் பான்ஸ்மா-ஃபிஷரும் கென்ட் பான்ஸ்மா-ஃபிஷரும் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு சதுரம் என்று கொள்வோம். அது எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் பக்கத்துத் துண்டை இடிக்காமலிருக்க, நான்கு மூலைகளையும் தொடும் ஒரு வட்ட அளவு இடம் தேவை. அந்த வட்டங்களை நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றின் பங்குக்கும் ஓர் அறுகோணம் வரும். அதன் பரப்பு, சதுரத்தின் பரப்பைப் போல் மூன்றின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.73 மடங்கு. துண்டு 100 ஆனாலும் 2,000 ஆனாலும் விகிதம் மாறாது. 70 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலமுள்ள புதிருக்கு, துண்டுகளைப் பரப்ப மட்டும் சுமார் 6,060 சதுர செ.மீ. வேண்டும். மேசை சிறியது என்றால் பெரிய புதிரை வாங்காதீர்கள்.

"மூளை வளரும்" என்று சொல்லி விற்பதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயதைக் கடந்த 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம் வீதம் 30 நாள் புதிர் அடுக்கியவர்களின் அறிவுத்திறனில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக அடுக்கிவருபவர்களிடம் வடிவங்களையும் இடங்களையும் மனத்தில் கையாளும் திறன் கூடுதலாக இருந்தது. பழக்கத்தால் திறன் வந்ததா, திறன் உள்ளவர்கள் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்களா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. மகிழ்ச்சிக்காக வாங்குங்கள், அதுவே போதுமான காரணம்.

பழைய புதிர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள், அது மற்ற பெட்டிகளுக்கும் பரவும். "எண்ணிப் பார்த்தேன், ஆயிரம் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னாலும் நிம்மதியடைய வேண்டாம். ஆயிரம் துண்டு என்று அச்சிட்ட புதிர்கள் பலவற்றில் உண்மையில் 38 வரிசையில் 27 வீதம் 1,026 துண்டுகள் இருக்கும். முழுதாக அடுக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். உங்கள் புதிரை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, எத்தனை துண்டு குறைகிறது என்பதைப் பெட்டியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.