72,000 கி.மீ சுற்றிய 'ஹலோ'... சாட்டிலைட்டிலிருந்து கடலடி ஃபைபருக்கு மாறிய அந்தமான்!

சென்னைக்கும் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேருக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 1,400 கி.மீ. ஆனால், 2020 ஆகஸ்ட் வரை இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே போனில் சொன்ன ஒரு 'ஹலோ', 36,000 கி.மீ உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டுக்கு ஏறி, மறுபடி கீழே இறங்கித்தான் அடுத்தவர் காதை எட்டியது. மொத்தம் 72,000 கி.மீ!

அந்தமான் நிக்கோபாரில் பெங்காலி, இந்திக்கு அடுத்து அதிகம் பேர் தாய்மொழியாகப் பேசுவது தமிழ்தான். அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே தேங்கி நிற்கும் அழைப்பும், சுற்றிக்கொண்டே இருக்கும் வீடியோவும் புதிதல்ல. அந்த நிலை மாறக் காரணம், சென்னையிலிருந்து கடலுக்கடியில் போன ஒரு கேபிள்.

சாட்டிலைட்டில் என்ன சிக்கல்?

சிக்கல் இரண்டு. முதலாவது, பாதையின் அகலம். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம், செல்போன் டவர் என எல்லோருமே சாட்டிலைட்டில் கிடைத்த குறைந்த கொள்ளளவைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஊரே நடப்பது மாதிரி.

இரண்டாவது, தாமதம். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும், சாட்டிலைட் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகிவிடும். 'அரை நொடிதானே' என்று நினைக்க வேண்டாம். ஒரு வெப்சைட் திறக்க, நம் கம்ப்யூட்டரும் சர்வரும் பலமுறை மாறி மாறிப் பேச வேண்டும். பத்து முறை பேசினாலே ஐந்து நொடி போய்விடும். வங்கி கவுன்டரில் வரிசை நகராததற்கும், ஆன்லைன் விண்ணப்பம் பாதியில் நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

2,300 கி.மீ கண்ணாடி நூல்

2018 டிசம்பர் 30-ம் தேதி போர்ட் பிளேரில் இந்தத் திட்டத்துக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கி.மீ. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பணியைச் செயல்படுத்தியது பி.எஸ்.என்.எல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்), லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலேண்ட், ரங்கத் ஆகிய இடங்களுக்கும் கேபிள் போகிறது.

சென்னை - போர்ட் பிளேர் பாதையின் திறன், நொடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரண்டு மடங்கு. 5 ஜிபி அளவுள்ள சினிமாக்களை நொடிக்குப் பத்து வீதம் அனுப்பும் அளவு! தாமதமும் குறைந்தது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ பயணிக்கும். கேபிளின் முழு நீளத்துக்கும் போய்த் திரும்பினால்கூட நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆழ்கடலில் இத்தகைய கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப் தடிமன்தான். நடுவே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். வழியில் ஒளி மங்கிவிடும் என்பதால், குறிப்பிட்ட இடைவெளிகளில் அதை வலுப்படுத்தும் ரிப்பீட்டர்களைப் பொருத்துவார்கள். அவற்றுக்கான மின்சாரமும் கரையிலிருந்து அதே கேபிள் வழியாகவே போகும். கரையோரத்தில் நங்கூரம், இழுவலையிடம் இருந்து காப்பாற்ற இரும்புக் கம்பிக் கவசம் சுற்றி, தரைக்கடியில் புதைப்பார்கள்.

ஒரே நாளில் மாற முடியாது!

கேபிள் கரை சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கரையில் வந்து சேர்ந்த வேகம், அங்கிருந்து டவருக்கும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போக வேண்டும். கடைசி சில கிலோமீட்டர் பழைய செம்புக் கம்பியாகவே இருந்தால், ஆறுவழிச் சாலையில் வந்த கார் சந்துக்குள் மாட்டிக்கொண்ட கதைதான்.

பல கிளைகளை இணைக்கும் நெட்வொர்க்கை மாற்றுவது, வீடு மாறுவது மாதிரி. புது வீட்டில் தண்ணீர், கரன்ட் எல்லாம் சரியா என்று பார்க்காமல் பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட மாட்டோம் அல்லவா? பொதுவாகப் பழைய லிங்க், புது லிங்க் இரண்டையும் சில வாரங்கள் சேர்த்தே ஓட்டுவார்கள். முதலில் ஒரு சிறிய கிளையை மாற்றிப் பார்த்து, பிறகே மற்றவற்றை இரவு நேரத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள்.

பழைய டிஷ்ஷைத் தூக்கிப்போடலாமா?

கூடாது என்பதற்கு டோங்கா பாடம். 2022 ஜனவரி 15-ம் தேதி வெடித்த கடலடி எரிமலை, அந்தப் பசிபிக் தீவு நாட்டை உலகத்தோடு இணைத்திருந்த கேபிளைத் துண்டித்தது. சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை கைகொடுத்தது சாட்டிலைட்தான்.

அந்தமானும் நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதியில் இருக்கிறது. 2004 சுனாமியை நேரில் பார்த்த மண் அது. அங்கே கேபிளும் வேண்டும்; மொட்டை மாடி டிஷ்ஷும் வேண்டும்.

உங்கள் அலுவலகமும் ஃபைபருக்கு மாறுகிறதா?

* புது லைன் ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள்.

* பாதுகாப்புக்கு இரண்டு ஃபைபர் வாங்கினால், இரண்டும் ஒரே பள்ளத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஒரே ஜே.சி.பி இரண்டையும் வெட்டிவிடும்!

* மாதத்தில் ஒருநாள் மெயின் லைனைத் துண்டித்து, மாற்று லைன் தானாக வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்.

* கரன்ட் போனால் ஃபைபர் கருவியும் அணைந்துவிடும். அதற்கும் யு.பி.எஸ் தேவை.

அந்தமானைத் தொடர்ந்து, 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் கடலடிக் கேபிள் போய்ச் சேர்ந்துவிட்டது. போர்ட் பிளேருக்கும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அடுத்த முறை அங்கிருக்கும் உறவினர் வீடியோ காலில் பேசும்போது அவர் உதடும் குரலும் ஒன்றாக வந்தால், வங்கக்கடலின் அடியில் கிடக்கும் அந்தக் கண்ணாடி நூலுக்கும் ஒரு 'ஹலோ' சொல்லுங்கள்!