பத்தாண்டு நூலகப் பணி எப்போது கணக்கில் வரும்?

சுயநிதிக் கல்லூரி நூலகத்தைப் பத்தாண்டு தனியாளாகக் கட்டிக் காத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தப் பத்தாண்டும் கணக்கில் வராது என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. உழைத்தது உண்மை. ஆனால் விதி கேட்கும் வடிவில் நிர்வாகம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைகளின்படி, கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் பணிகளுக்கு நூலக அறிவியலில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுநிலைப் பட்டமும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். யு.ஜி.சி.யின் 2009 அல்லது 2016 விதிப்படி முனைவர் பட்டம் பெற்றவருக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு. துணை நூலகராவதற்கு எட்டு ஆண்டு, பல்கலைக்கழக நூலகராவதற்குப் பத்து ஆண்டு அனுபவத்தோடு முனைவர் பட்டமும் கேட்கப்படும்.

தற்காலிக, ஒப்பந்தப் பணியையும் இவ்விதிமுறைகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன; ஆனால் நிபந்தனைகளோடு. சேரும்போதே உரிய கல்வித்தகுதி இருந்திருக்க வேண்டும். முறைப்படி அமைத்த தேர்வுக் குழு பரிந்துரைத்திருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அடிபடுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். தொகுப்பூதியமாகச் சில ஆயிரம் கொடுக்கும் நிர்வாகம் அந்த மாதச் சம்பளத்தோடு நூலகருடைய அடுத்த பதவியையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. இதை நான் அநீதி என்றே சொல்வேன். தனியார் கல்லூரி என்ற ஒரே காரணத்துக்காக அனுபவத்தைத் தள்ளக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நேர்காணலில் இதைச் சுட்டிக்காட்டலாம்.

இவ்விதிமுறைகளில் நூலகரை ஆசிரியருக்கு இணையாக வைக்கும் ஏற்பாடு தானாக வந்ததல்ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். லண்டனில் நூலகவியல் படித்துத் திரும்பினார். 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியாகப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் அவர் தலைமை வகித்த யு.ஜி.சி. நூலகக் குழு, நூலகர்களுக்கு ஆசிரியர்களுக்கு நிகரான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் படிப்பும் அந்த மதிப்பும் இருக்கும் ஒருவரை 'அலுவலக உதவியாளர்' என்ற பெயரில் நியமிப்பதை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம்.

ஆகவே நியமன ஆணையில் 'நூலகர்' அல்லது 'உதவி நூலகர்' என்ற பதவிப் பெயர், முழுநேரப் பணி, சம்பளம், தேர்வுக் குழுக் கூட்டத்தின் தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், உச்சவரம்புக்குள் ஊதியம் வாங்குபவருக்கு பி.எஃப். பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் செய்யலாம். கல்லூரி நாளை அனுபவச் சான்று தர மறுத்தாலும், மாதாமாதம் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு பி.எஃப். பாஸ்புக் சாட்சியாக நிற்கும்.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்த பின் திரும்ப வாங்கிக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படிப்பிலும் ஒரு பொறி உண்டு. பி.லிப்., எம்.லிப்., இரண்டையும் தொலைநிலைக் கல்வியில் படிக்க முடியும். ஆனால் நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்பதாகத் தமிழக அரசு 2009 ஆகஸ்டில் ஆணையிட்டது. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நூலகப் படிப்புக்குக் கட்டணம் கட்டும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் நூலகர் பணியிடம் காலியாக இருக்கிறதா, எத்தனை ஆண்டாக என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடைசியாக, காணாமல் போன புத்தகங்கள். பணியை விட்டு விலகும் நூலகரிடம் மொத்த இழப்பையும் பிடித்தம் செய்யப் பார்க்கும் நிர்வாகங்கள் உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், ஓராண்டில் வாசகர்கள் எடுத்துப் படித்த 1,000 நூல்களுக்கு ஐந்து நூல் வரை இழப்பு இயல்பானதே என்கின்றன. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். தனியார் கல்லூரியை இவ்விதி கட்டுப்படுத்தாது என்றாலும், பேச்சுவார்த்தையில் எடுத்துக்காட்டலாம். பொறுப்பேற்கும் அன்றே இருப்புச் சரிபார்ப்பு நடத்தி, அப்போதே காணாமல் போயிருந்த நூல்களின் பட்டியலில் முதல்வரின் கையெழுத்தை வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.