பெட்டி நம் வீட்டில், சாவி யார் கையில்?

குற்றாலத்தில் கொட்டும் அருவி சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடுகிறது. மண்குடம் கொண்டு போனாலும் நிரம்பும். பித்தளைக் குடம் கொண்டு போனாலும் நிரம்பும். 'இன்ன கம்பெனிக் குடத்தில்தான் நிரம்புவேன்' என்று ஆறு அடம்பிடிப்பதில்லை. ஆனால் அதே தென்காசியில், நாளெல்லாம் பீடி சுற்றிக் களைத்த தாய் மாலையில் ஒரு மணிநேரம் படம் பார்க்க விரும்பினால், இன்ன கம்பெனிப் பெட்டி இருந்தால்தான் படம் தெரியும் என்கிறார்கள். கம்பெனியை மாற்றினாலோ பழைய பெட்டி பரணுக்குப் போகும். புதிய பெட்டிக்குப் பணம் கொடு என்பார்கள்.

ஏன் இந்தக் கொடுமை, தோழர்களே?

கேபிளிலோ வானத்திலிருந்தோ வரும் படம் பூட்டப்பட்டு வருகிறது. பூட்டைத் திறக்கும் சாவி செட்டாப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை இயக்கும் மென்பொருளும் உள்ளேதான். சந்தா கட்டாதவருக்குப் பூட்டு என்பதைக்கூட ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனிப் பூட்டு, தனித்தனி மொழி வைத்துக் கொண்டிருக்கிறார். அந்த மொழியின் இலக்கணத்தை வெளியே சொல்ல மறுக்கிறார். அந்த இலக்கணத்தை ஊரறிய எழுதி வைத்து, எவரும் அதன்படி பெட்டி செய்யலாம், மென்பொருள் எழுதலாம் என்று விடுவதற்குத்தான் திறந்த தரம் என்று பெயர். செல்பேசியில் சிம்மை மாற்றிக் கொள்கிறோமே, அதுபோல!

டில்லிக்கு இது தெரியாதா? தெரியும். 2001-ஆம் ஆண்டு டி.டி.எச். சேவைக்கு வகுத்த விதிகளிலேயே, பெட்டி திறந்த அமைப்பில் இருக்க வேண்டும், ஒருவர் பெட்டி மற்றவர் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதினார்கள். விதி ஏட்டில் இருந்தது; பெட்டி வீட்டில் பூட்டியே கிடந்தது. 2020 ஏப்ரலில் டிராய் ஆணையம் மீண்டும் பரிந்துரைத்தது: பூட்டைப் பெட்டியிலிருந்து பிரித்துச் சிறு கருவியாக்குங்கள், எல்லாப் பெட்டியிலும் அதைச் செருகும்படி செய்யுங்கள் என்று. பரிந்துரைக்கென்ன, காகிதம் மலிவுதானே!

சரி, தனியார்தான் இப்படி, அரசே நடத்தினால்? 2007-இல் பிறந்தது தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம். 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தந்தது. 2017-இல் இலவசமாகவே செட்டாப் பெட்டி வழங்கியது. ஏழை வீட்டில் அது பெரிய உதவி, மறுப்பாரில்லை. ஆனால் 2022 நவம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? பெட்டிக்கு மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்தோடு தகராறு மூண்டது. இலட்சக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது. யார் பக்கம் நியாயம் என்பதை வழக்கு மன்றம் பார்த்துக் கொள்ளட்டும். பெட்டி அரசுடையது, சந்தா வாங்குவது அரசு. படத்தை நிறுத்தும் வல்லமை மட்டும் இன்னொருவர் கையில்! வீட்டைக் கட்டியவனே வாசலில் நின்ற கதையல்லவா இது? அடியும் உதையும் பட்டவர் யார்? தெருவில் சந்தா வசூலிக்கும் கேபிள் ஆபரேட்டர்தான். 'ஏன் படம் வரவில்லை' என்று ஊரே அவரிடம்தான் கேட்டது.

படம் மட்டுமானால்கூடப் பொறுக்கலாம். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-இல் கொரோனா பள்ளிகளை மூடியபோது பிள்ளைகள் அதில் பாடம் கேட்டார்கள். கேட்டார்கள், பதில் சொல்ல வழியில்லை. கேள்வியையும் விடைகளையும் படத்தோடு சேர்த்தே அனுப்பினால், பிள்ளை ரிமோட்டில் எண்ணை அழுத்த, சரியா தவறா என்று பெட்டியே சொல்லிவிடும். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. பாவூர்ச்சத்திரம் சந்தையின் காய்கறி விலையை உழவர் தம் வீட்டுத் திரையிலேயே பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். ஆனால் இத்தகைய மென்பொருளை நாம் எழுதிப் பெட்டியில் ஏற்றப் பெட்டியின் இலக்கணம் நமக்குத் தெரிய வேண்டாமா?

பிரேசில் நாட்டைப் பாருங்கள். ஐரோப்பியர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் எம்.எச்.பி. என்றொரு தரத்தை வெளியிட்டார்கள். ஏட்டைத் திறந்துதான் வைத்தார்கள்; ஆனால் காப்புரிமைக் கட்டணம் என்று வாசலில் சுங்கச்சாவடி வந்து நின்றது. பிரேசில் ஒளிபரப்பு முறைக்கு ஜப்பானின் தரத்தை 2006-இல் ஏற்றுத் தனக்கேற்பத் திருத்திக் கொண்டது. பெட்டிக்குள் இயங்கும் மென்பொருளையோ தன் பல்கலைக்கழகங்களிலேயே படைத்துக் கொண்டது. பெயர் ஜிங்கா. 2009-இல் அதன் மொழியைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமே தரமாக ஏற்றது. பழைய ஒளிபரப்பை நிறுத்தும் காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய பெட்டிகளிலும் ஜிங்கா இருந்தது.

'நம்மிடம் ஆள் ஏது?' என்று சில அதிகாரிகள் கேட்கக்கூடும். குற்றால மலையடிவாரத்து மத்தளம்பாறைக்கு ஒருநாள் வரட்டும். 2011 முதல் அந்தச் சிற்றூர்ப் பக்கத்தில் உட்கார்ந்து உலகுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள் சோகோ நிறுவனத்தார். அதுவும் தனியார்தான் என்பது நமக்குத் தெரியும். சொல்ல வந்தது ஆற்றலைப் பற்றி.

அரசு கேபிள் அடுத்துப் பெட்டி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, திறந்த தரத்தில் இல்லாத பெட்டி வேண்டாம், மென்பொருளின் மூல நிரல் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், பூட்டைத் திறக்கும் அதிகாரம் அரசுப் பொறியாளரிடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் எழுத்தில் வரட்டும். தொகுதிக்கு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம் சாலை, குடிநீர் கேட்கும் தோழர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள். கேபிள் ஆபரேட்டர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.