மூக்குத்தி வழக்கு

உடுத்தும் உரிமை – 9

கடந்த வாரம், தலைப்பாகைக்காகப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சீக்கிய மாணவனைப் பார்த்தோம். தலைப்பாகை வழக்கில் வக்கீலுக்கு ஒரு வசதி உண்டு. அது சீக்கியருக்கு மதக் கடமை என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் எந்த சாஸ்திரமும் கட்டாயப்படுத்தாத ஒன்றை, ‘பாட்டி போட்டாள், அம்மா போட்டாள், நானும் போடுகிறேன்’ என்று ஒருத்தி அணிந்தால் சட்டம் அவளோடு நிற்குமா? நான் படித்த தீர்ப்புகளில் இதற்குத் தெளிவான பதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து வழக்கில்தான் இருக்கிறது. பிரச்சினைக்குரிய பொருள், ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தி.

1860-ல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு டர்பன் போனது. பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வராமல் போனது. காவடியும் தீமிதியும் போகவில்லை, மூக்குத்தியும் போகவில்லை.

2004 செப்டம்பர் விடுமுறையில் ஒரு தாய் தன் மகளுக்கு மூக்குக் குத்தி, சின்னதாக ஒரு தங்க மூக்குத்தி போட்டுவிட்டார். மகள் படித்தது டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில். காதுக்கு ஒன்றாகச் சாதாரணத் தோடு, கையில் கடிகாரம், இதற்கு மேல் நகை கூடாது என்பது அங்கே விதி. புண் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்றது பள்ளி. தாய் கடிதம் எழுதினார்: இது ஃபேஷன் அல்ல, பெண் பெரியவளானதைக் கொண்டாடும் எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதானதும் பாட்டி இதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார். நம்மூரில் இதைக் கடிதம் எழுதி விளக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. பள்ளி நிபுணர்களைக் கலந்து பேசிவிட்டு, முடியாது என்றது.

முதலில் விசாரித்த சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் சாய்ந்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. மாகாணக் கல்வித் துறையும் பள்ளியும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயின. நேட்டால் தமிழ் வேதச் சங்க அறக்கட்டளையும் நீதிமன்றத்துக்கு உதவியாகத் தன் வாதத்தை வைத்தது. 2007 அக்டோபர் 5-ம் தேதி தீர்ப்பு வந்தபோது மாணவி படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் கேள்வி முக்கியமானது என்று நீதிமன்றம் பதில் சொன்னது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா. இளம் வயதில் டர்பனில் சட்டை ஆலையில் வேலை பார்த்து, பிறகு நீதித் துறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே சட்டம் படித்து மேலே வந்தவர். பள்ளியின் முக்கியமான வாதம், மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமல்ல என்பது. ஆமாம், கட்டாயமல்ல, அதனால் என்ன என்று கேட்டார் லாங்கா. மனிதர்கள் தாமாக விரும்பிக் கடைப்பிடிப்பதும் அவர்களுடைய அடையாளத்தின் பகுதிதான். நம்பிக்கை உண்மையானதா என்று பார்த்தால் போதும். வேறு பள்ளிக்குப் போகலாமே என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. இன்று மூக்குத்தி என்றால் நாளை சடைமுடி, பச்சை குத்தல் என்று வரிசை கட்டி வருவார்களே என்று பயமுறுத்தினார்கள். உண்மையான நம்பிக்கையோடு வந்தால் வரட்டுமே, அது பல நிறங்களின் ஊர்வலம், அஞ்ச என்ன இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். மாணவி இரண்டு வருடங்களுக்கு மேல் மூக்குத்தியோடு வகுப்புக்கு வந்தும் பள்ளியின் ஒழுங்கு குலைந்ததற்குச் சாட்சியம் இல்லை. சீருடையை ரத்து செய்யவில்லை. மத, பண்பாட்டுக் காரணங்களுக்கு விலக்குக் கேட்க ஒரு வழியை விதிகளில் சேர்க்கும்படி உத்தரவிட்டார்.

நீதிபதி கேட் ஓ’ரீகன் சில இடங்களில் மாறுபட்டார். மத நம்பிக்கை தனி மனித மனத்தில் இருப்பது, பண்பாடு கூட்டத்துக்குச் சொந்தம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஏட்டளவில் சரிதான். ஆனால் ஒரு தமிழ் வீட்டில் சாமி எங்கே முடிகிறது, சடங்கு எங்கே தொடங்குகிறது என்று எந்த நீதிபதி கோடு கிழிப்பார்?

ஐந்து ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதே பாதையில் வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் ஒருவர் கழுத்தில் வெளியே தெரியும்படி சிலுவை அணிந்த வழக்கில், அது மதக் கட்டளை என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2013 ஜனவரி 15-ல் சொல்லி அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. அதே தீர்ப்பில், சிலுவைச் சங்கிலி கேட்ட மருத்துவமனைச் செவிலியர் தோற்றார். நோயாளிகள், ஊழியர்கள் பாதுகாப்பு என்ற காரணம் அங்கே வலுவாக இருந்தது. உரிமைக்கு எல்லை உண்டு. ஆனால் தடுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

டர்பன் மூக்குத்தி இந்தியாவுக்கும் வந்தது. 2022-ல் கர்நாடக ஹிஜாப் வழக்கில் மாணவிகளின் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை நீட்டினார்கள். அந்த மூக்குத்தி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அளவு சின்னது என்று சொல்லி உயர் நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. லாங்காவின் தீர்ப்பு மூக்குத்தியின் பருமன் மேல் நின்ற தீர்ப்பாக எனக்குப் படவில்லை. ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கமல்ல என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுத, உரிய அமர்வை அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதியிடம் போனது.

லாங்கா தேவையில்லை என்று தள்ளிய கேள்வியை நம் நீதிமன்றங்கள் ஏன் விடாமல் கேட்கின்றன? அந்தக் கேள்வியின் பிறந்த ஊரைத் தேடினால் 1954-க்கும், மதராஸ் இந்து அறநிலையத் துறை ஆணையர் ஒரு மடத்தோடு மோதிய வழக்குக்கும் போக வேண்டும். அடுத்த வாரம் சிரூர் மடம்.

(தொடரும்)