வாசற்படியில் இருந்த பால் போத்தல்

பிரிட்டனில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு சீக்கிரமே பழைய காலத்துக்குத் திரும்பிவிடும். அந்தப் பேச்சில் அரசியும் பிரதமர்களும் அதிகம் தலைகாட்டுவதில்லை. வாசற்படியில் இருந்த பால் போத்தல், நிலக்கரி மூட்டையைத் தோளில் சுமந்து வந்த ஆள், பின்புறம் கதவில்லாத மாடிப் பேருந்து, தெருமுனையில் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஆகியவைதான் வரும். தினமும் கண்ணில் பட்டதாலேயே அன்று யாரும் அவற்றை உற்றுப் பார்க்கவில்லை. இன்று அவற்றின் படம் போட்ட தேநீர்க் கோப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். இந்த ஏக்கம் உண்மையில் எதற்காக? பொருளுக்காகவா, அதோடு வந்த மனிதருக்காகவா?

முதலில் பால்காரரைப் பார்ப்போம். பொழுது விடியும் முன்பே அவர் தெருவுக்கு வந்துவிடுவார். மின்கலத்தால் ஓடும் அவருடைய சிறு வண்டி மணிக்கு 15 அல்லது 20 மைல் வேகத்தைத் தாண்டாது. மின்சார வாகனம் என்று இன்று உலகமே பேசுகிறது. பிரிட்டனின் தெருக்களிலோ பால் வண்டிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் மின்சாரத்தால் ஓடின. இயந்திரச் சத்தம் கிடையாது. கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசும் ஒலி மட்டும் தூக்கத்தில் இருப்பவர்கள் காதில் லேசாக விழும். ஒரு போத்தலில் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லிலிட்டர். மூடியின் நிறத்தைப் பார்த்தே பாலின் வகையைச் சொல்லிவிடலாம். வெள்ளி மூடி என்றால் சாதாரணப் பால், தங்க நிற மூடி என்றால் கொழுப்பு மிகுந்த ஜெர்சிப் பசுவின் பால். காலிப் போத்தலைக் கழுவி வாசலில் வைத்தால் அவரே எடுத்துச் செல்வார். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் போத்தலின் கழுத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைத்தால் போதும். கணக்கு வாரக் கடைசியில்.

இந்தப் போத்தலுக்குப் போட்டியாக ஒரு திருடரும் இருந்தார். நீலமும் மஞ்சளும் கலந்த 'ப்ளூ டிட்' என்னும் சின்னஞ்சிறு குருவிதான் அவர். போத்தலின் மேல்பகுதியில் பாலாடை திரண்டு நிற்கும். மூடியை அலகால் கொத்திக் கிழித்து, வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் அதைக் குடித்துவிட்டுப் போய்விடும். தெற்கு இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகருக்கு அருகேயுள்ள ஸ்வேத்லிங் என்ற இடத்தில் 1921ஆம் ஆண்டில் இது முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. ஒரு பறவையைப் பார்த்து இன்னொன்று கற்கிறதா, ஒவ்வொன்றும் தானாகவே கண்டுபிடிக்கிறதா என்று விஞ்ஞானிகள் ஆராயத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் ஃபிஷர், ராபர்ட் ஹைண்ட் ஆகிய இருவரும் 1949இல் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் விலங்கியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. பாலாடை தனியாகத் திரளாத பாலும் பிளாஸ்டிக் கலனும் வந்த பிறகு குருவிக்கும் வேலை போயிற்று.

பால்காரரை யாரும் தடை செய்யவில்லை. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பாலைத் தினமும் வாங்க வேண்டியிருந்தது. பெட்டி வந்தது, கார் வந்தது, பேரங்காடி வந்தது. நான்கு பைண்ட் பிடிக்கும் பிளாஸ்டிக் கலன் அங்கே மலிவாகக் கிடைத்தது. 1933 முதல் பால் விற்பனையை ஒழுங்குபடுத்தி வந்த பால் சந்தை வாரியமும் 1994இல் முடிவுக்கு வந்தது. 1970களில் பிரிட்டிஷ் வீடுகளின் பாலில் பெரும்பகுதி வாசலுக்கே வந்தது. இன்று வாசலுக்கு வருவது நூற்றில் சில பங்குதான். இதில் சற்றுச் சங்கடமான உண்மை ஒன்று உண்டு. பால்காரரை நினைத்து இன்று பெருமூச்சு விடுகிறவர்களில் பலர், சில காசு மிச்சம் பிடிக்க அன்று பேரங்காடிக்குப் போனவர்கள்தாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்குக் காசு காசுதானே.

மிச்சம் பிடித்த காசோடு போனது என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வாசலில் நேற்று வைத்த போத்தல் எடுக்கப்படாமல் இருந்தால் பால்காரர் கதவைத் தட்டுவார். பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரிடமோ போலீசிடமோ சொல்வார். அது அவருடைய வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததில்லை. தினமும் ஒரே வாசலுக்கு வருகிற மனிதருக்கு அது தானாகவே தெரிந்தது, அவ்வளவுதான். தபால்காரரும் இப்படித்தான். நாளுக்கு இருமுறை வந்துகொண்டிருந்தவர், 2004இல் இரண்டாவது விநியோகம் நிறுத்தப்பட்டதும் ஒருமுறை மட்டுமே வரலானார்.

ஆனால் மறைந்ததெல்லாம் இழப்பு என்று எண்ணிவிடலாகாது. நிலக்கரிக்காரரை எடுத்துக்கொள்வோம். முகமெல்லாம் கரி, முதுகில் தோல் கவசம், நடைபாதையில் உள்ள வட்ட மூடியைத் திறந்து கீழறைக்குள் மூட்டையைக் கொட்டும் ஓசை. கணப்பைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்த இனிய காட்சிக்குப் பின்னால் அவர்தான் நின்றார். அந்தக் கணப்பின் புகை எங்கே போயிற்று? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைப் புகைப்பனி மூடியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை, பேருந்துகள் நின்றன, அரங்கத்துக்குள் புகுந்த புகையால் இசை நாடகமே பாதியில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வு ஒன்று 12,000 வரை போகலாம் என்று மதிப்பிட்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்கு நிலக்கரி விற்பது 2023 மே மாதத்தோடு முற்றாக நின்றது. நிலக்கரியால் இயங்கிய கடைசி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. கணப்பை நினைத்து ஏங்குகிறவர்கள் இருமலை மறந்துவிடுகிறார்கள்.

லண்டனின் 'ரூட்மாஸ்டர்' மாடிப் பேருந்திலும் இதே இரண்டு பக்கமும் உண்டு. 1956 முதல் பயணிகளை ஏற்றிய இந்தப் பேருந்தின் பின்புற மேடையில் நடத்துநர் நிற்பார். சீட்டுக் கொடுப்பார், மூட்டையைத் தூக்கி வைப்பார், வழி தெரியாதவரை உரிய இடத்தில் இறக்கிவிடுவார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வது இளைஞர்களுக்கு ஒரு விளையாட்டு. தவறி விழுந்தவர்களும் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறவே முடியாது. 2005 டிசம்பர் 9இல் 159ஆம் எண் தடத்தோடு அதன் வழக்கமான சேவை முடிந்தது.

நடத்துநர் வேலை அன்று எல்லாருக்கும் கிடைத்துவிடவும் இல்லை. பிரிஸ்டல் நகரில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளராகச் சேர்க்க மறுத்தார்கள். 1963இல் பால் ஸ்டீபன்சன் முதலானோர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நாலு மாதம் கழித்து நிறுவனம் பணிந்தது. அதன்பின் அந்நகரில் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். பழைய பேருந்தின் படத்தை ரசிக்கும்போது, அதன் பின்புற மேடையில் நிற்க ஒரு காலத்தில் யாருக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. 1924இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வென்றார். லிவர்பூல் ஆங்கிலிக்கன் தேவாலயத்தை வடிவமைத்தவரும் இவரே. வெளியே வெள்ளி வண்ணம் பூசலாம் என்றுதான் அவர் சொன்னார். தபால் துறை சிவப்பைத் தேர்ந்தது. முதல் கூண்டுகள் 1926இல் நிறுவப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி அவர் 1935இல் வடிவமைத்த சிறிய வகைதான் நாடெங்கும் ஏறத்தாழ 60,000 இடங்களில் நின்றது. அதற்குள் 'ஏ', 'பி' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. மறுமுனையில் ஆள் பேசினால் 'ஏ' பொத்தானை அழுத்த வேண்டும். காசு உள்ளே விழும். ஆள் கிடைக்காவிட்டால் 'பி'யை அழுத்தினால் காசு திரும்பி வரும். யாராவது மறந்துவிட்டுப் போன காசு வருமா என்று போகிற வழியில் 'பி'யை அழுத்திப் பார்க்காத பிள்ளைகள் குறைவு.

தொலைபேசி நிறுவனம் 1984இல் தனியார்மயமானது. அடுத்த ஆண்டே பழைய கூண்டுகளை அகற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டதும் பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூண்டுகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகப் பட்டியலில் ஏறின. 2008 முதல் ஒரு பவுண்டு கொடுத்துக் கூண்டை ஊர் மக்களே தத்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. சில ஊர்களில் அது சிறு நூலகமாயிற்று. சில இடங்களில் இதயத் துடிப்பு நின்றவருக்கு உதவும் மின்னதிர்வுக் கருவி அதற்குள் இருக்கிறது. வண்ணமும் கண்ணாடியும் அப்படியே இருக்கின்றன. தொலைபேசி மட்டும் இல்லை.

எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கும்போது அது எதற்கு என்று கேட்கலாம். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் திரட்டிய கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2019 மே முதல் 2020 மே வரையிலான ஓராண்டில் பொதுத் தொலைபேசிகளிலிருந்து ஏறத்தாழ 1,50,000 அவசர அழைப்புகள் போயிருக்கின்றன. மனமுடைந்தோருக்குச் செவிசாய்க்கும் சமரிட்டன்ஸ் அமைப்புக்கு 20,000 அழைப்புகள். துன்பத்தில் இருக்கும் சிறுவர்களுக்கான சைல்ட்லைன் அமைப்புக்கு 25,000.

வீட்டுக்குள்ளிருந்து பேசினால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று அஞ்சும் குழந்தைக்கும், கைத்தொலைபேசியில் காசு தீர்ந்துபோனவருக்கும், அலைவரிசை எட்டாத மலைச்சாலையில் விபத்தில் சிக்கியவருக்கும் தெருமுனைக் கூண்டுதான் மிச்சம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே 2022இல் ஆஃப்காம் விதியை இறுக்கியது. எல்லாக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் அலைவரிசையும் கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நேரும் இடம், ஓராண்டில் 52 அழைப்புகளாவது போன கூண்டு ஆகியவற்றைக் கழற்றக் கூடாது என்பது அந்த விதி. சுமார் 5,000 கூண்டுகள் இதனால் தப்பின. அவற்றில் பல சிவப்பு நிறமுடையவை அல்ல; சுற்றுலாப் பயணிகள் யாரும் அவற்றுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதில்லை.